கல்லுக்கு மட்டுந்தானா வரலாறு?

சென்ற பருவத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் உழிஞைத் திணை நடத்திக்கொண்டிருந்தோம். எயில், இஞ்சி, ஞாயில், கிடங்கு, மிளை என்று மதிலைச் சுற்றிய சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒவ்வொன்றுக்கும் உரைகாரர் சொன்ன பொருளை ஒப்பித்தாயிற்று. பதினெட்டு ஆண்டுகளாக ஒப்பித்து வருவதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாது. அப்போது பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, எங்கள் ஊரில் மண்ணால் கட்டிய கோட்டை ஒன்று இருந்தது. அரசன் யாரும் இருந்ததில்லை, குடித்தனக்காரர்கள் இருந்த கோட்டை. அதையும் எயில் என்று சொல்லலாமா?" என்று கேட்டாள். எந்த ஊர் என்றோம். ஸ்ரீவைகுண்டம் என்றாள்.

நம்மிடம் விடை இல்லை. மதிய இடைவேளை மணி அடித்தது நம் நல்லூழ்.

ஸ்ரீவைகுண்டத்திற்கு நாம் மூன்று முறை போயிருக்கிறோம். நவதிருப்பதிச் சுற்றில் கள்ளபிரானைச் சேவித்திருக்கிறோம். குமரகுருபரர் பிறந்த ஊர் என்று மாணவர்களை வேனில் ஏற்றிக்கொண்டும் ஒருமுறை போயிருக்கிறோம். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடியவர் பிறந்த மண் என்று அங்கே நின்று கால்மணி நேரம் பேசினோம். அந்த மண்ணிலேயே ஒரு கோட்டை இருப்பதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, தெரிந்தால்தானே சொல்வதற்கு!

அன்று மாலையே பறக்கும் ரயிலில் தரமணிக்குப் போனோம். தமிழ் படித்தவனுக்கு ஐயம் வந்தால் சென்னையில் போய்ச் சேருமிடம் அதுதான். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் அங்கே. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அங்கே. பின்னதற்கு அடித்தளமான நூல்களையெல்லாம் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவர் ஒரு கோட்டையூர்க்காரர் என்பது அன்றைக்கு நமக்குச் சற்று வேடிக்கையாக இருந்தது. அன்றும் அதைத் தொடர்ந்த சில வாரங்களிலும் தேடிப் படித்ததன் சாரத்தையும், படித்தபின் நமக்கு யார்மீதெல்லாம் கோபம் வந்தது என்பதையுமே இங்கே எழுதுகிறோம். கோபத்தின் முதற்பங்கு நமக்கே உரியது.

முதலில் செய்தி. தாமிரபரணியின் வடகரையில் இருக்கும் ஸ்ரீவைகுண்டத்தில், மண்மதிலால் சூழப்பட்ட ஒரு குடியிருப்புக்குள் வாழ்ந்தவர்கள் கோட்டைப் பிள்ளைமார் என்னும் சிறிய வேளாளப் பிரிவினர். நிலவுடைமையாளர்கள். தங்கள் வரலாற்றைப் பாண்டியரோடு இணைத்துச் சொல்லிக்கொண்டவர்கள். கொள்வினை கொடுப்பினை எல்லாம் தங்களுக்குள்ளேயே. கோட்டைக்குள் பிறந்த பெண் கோட்டைக்குள்ளேயே வாழ்ந்து முடிந்தாள். மதிலுக்கு வெளியே அவள் கால் வைப்பதில்லை, நெருங்கிய உறவினர் அல்லாத ஆடவர் கண்ணில் படுவதில்லை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய பெருந்தொகுப்பில் இவர்களுக்கு இடம் உண்டு. பின்னர் மானிடவியலாளர் கமலா கணேஷ் இவர்களைப் பற்றி விரிவான ஆய்வு செய்து, 'பவுண்டரி வால்ஸ்' என்ற பெயரில் 1993இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். சாதியும் உறவுமுறையும் சொத்தும் பெண்மீதான காவலும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை ஒரு சிறு குடியிருப்பை வைத்துக்கொண்டு பேசும் நூல் அது. எந்தத் தமிழ்த்துறையின் பாடத்திட்டத்திலும் அதை நாம் கண்டதில்லை. நம் துறையிலும்தான்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. பெண்கள் படிக்கப் போனார்கள், வேலைக்குப் போனார்கள். அது நல்லதுதான், அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் காவல் போனபின் மதில் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. மண்சுவரை ஆண்டுதோறும் மெழுகி, தலைக்கு ஓலை வேய்ந்தால்தான் அது நிற்கும். அதில் குடியிருப்பவனுக்கு அக்கறை இல்லாது போனால் நான்கு ஐப்பசி போதும்.

இனி வழக்குக்கு வருவோம்.

தமிழ்நாட்டுக் கோட்டைகள் என்று நம் சிற்றிதழ்களிலும் நாளிதழ் இணைப்புகளிலும் வந்த கட்டுரைகளை எண்ணிப்பாருங்கள். செஞ்சி, வேலூர், திருமயம், சங்ககிரி, திண்டுக்கல், தரங்கம்பாடி. எல்லாம் கல், அல்லது செங்கல்லும் சுண்ணாம்பும். எல்லாம் அரசனுடையது, அல்லது கும்பினியுடையது. படைவீடு மட்டுமே கோட்டை. குடிவீடு கோட்டை ஆகாது என்பது எழுதப்படாத இலக்கணம். மண்ணால் கட்டிய கோட்டைகளில் நம் நினைவில் நிற்பது பாஞ்சாலங்குறிச்சி ஒன்றுதான். அதுவும் அங்கே சிந்திய குருதியின் பொருட்டு. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை சில நாட்களில் மறுபடி எழுப்பிய அந்த மண்மதில், பீரங்கிகளுக்கு முன் மே 24 வரை தாக்குப்பிடித்தது. எதிரியின் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பின்னாளில் தம் நினைவுக்குறிப்புகளில் அதைப் பற்றி எழுதினார். வென்றவர்கள் அதைத் தரைமட்டமாக்கினார்கள். 1974இல் நாம் அங்கே ஒரு நினைவுக் கோட்டை எழுப்பினோம். மண்ணின் பெருமையால் நின்ற கோட்டைக்கு எழுப்பிய நினைவில் மண் இல்லை! மண்ணைக் கண்டு நமக்கு அப்படி ஒரு கூச்சம்.

சட்டம் குறுக்கே நிற்கிறது என்று சொல்லவும் வழியில்லை. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் தொன்மைச் சின்னத்துக்குக் கேட்பது நூறாண்டு வயது. கல்லாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை, நம் மனத்தில் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில், சில கிலோமீட்டர் தொலைவில் ஆதிச்சநல்லூர். அங்கே முதுமக்கள் தாழிகளைக் கண்ணாடிக்குக் கீழே கிடந்தபடியே காட்டும் அரங்கம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மகிழ்ந்தோம். இறந்தவர்கள் அடக்கமான மண்ணுக்குக் கண்ணாடி போட்ட நாடு, இருந்தவர்கள் வாழ்ந்த மண்ணுக்கு ஓலைகூடப் போடவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணிக்கொண்டோம்.

பிற நாட்டார் என்ன செய்கிறார்கள்? சீனத்தின் புஜியன் மாநிலத்தில் துலோ என்று ஒரு வகைக் கட்டடம் உண்டு. இடித்துக் கெட்டித்த மண்ணால் வட்டமாகவோ சதுரமாகவோ எழுப்பிய பெருஞ்சுவர், அதற்குள் ஒரு குலத்தார் முழுவதும் குடியிருப்பு, நுழைவாயில் ஒன்று, கீழ்த்தளத்தில் வெளிப்புறச் சாளரம் இராது. சுவரை மழை தொடாதபடி அகலமான ஓட்டுக்கூரை. பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கிக் கட்டப்பட்டவை. 2008இல் யுனெஸ்கோ அவற்றுள் 46 கட்டடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அரண்மனையா? இல்லை. கோயிலா? இல்லை. உழவர் குடும்பங்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கட்டிய வீடு, மண் வீடு.

இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த இடைக்காலப் பண்ணை மனைகளின் இடங்கள் ஏறத்தாழ 6000 கண்டறியப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடைப்பட்டவை. பலவற்றில் வீடு போய்விட்டது. புல்வெளியில் ஒரு சதுரப் பள்ளம்தான் மிச்சம். அந்தப் பள்ளத்தையும் அளந்து, வரைந்து, எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றை ஆராய்ந்தவர்கள் சொல்வதில் நமக்கு மிகவும் பயன்பட்டது ஒன்று உண்டு. அந்த அகழிகளுள் பல படையைத் தடுக்கத் தோண்டப்பட்டவை அல்ல. இன்னார் வீடு இது, நீ அப்பால் நில் என்று சொல்லத் தோண்டப்பட்டவை என்கிறார்கள். காவல் பாதி, தகுதி பாதி.

இதைப் படித்தபோதுதான் மாணவியின் கேள்வி நமக்கு விளங்கத் தொடங்கியது. ஸ்ரீவைகுண்டத்து மதிலின் எதிரி யார்? பீரங்கியோடு வந்தவன் அல்லன். தெருவில் போகிறவனின் பார்வைதான் எதிரி. உள்ளே காக்கப்பட்டது குலம். குலத்தின் கொள்கலமாகக் கருதப்பட்ட பெண். பெண்ணோடு சேர்ந்த சொத்து.

புறநானூற்றில் மகட்பாற் காஞ்சி என்று ஒரு துறை இருக்கிறது. 336ஆம் பாட்டில் தொடங்கி ஏறத்தாழ இருபது பாட்டுகள். முதுகுடி ஒன்றின் மகளை வேந்தன் கேட்டு வருகிறான். தந்தையும் தமையன்மாரும் மறுக்கிறார்கள். இவளால் இந்த ஊர் அழியப்போகிறதே என்று புலவர் இரங்குகிறார். 350ஆம் பாட்டில் அகழி தூர்ந்து, மதில் சிதைந்து கிடக்கும் பழைய ஊர் ஒன்று வருகிறது. வேந்தனின் கோட்டை அன்று அது. ஒரு குடியின் ஊர். 1894இல் உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்தது முதல் இந்தப் பாட்டுகளைப் படித்துவருகிறோம், வீரம் என்கிறோம், குடிப்பெருமை என்கிறோம். இந்த வரிசையில் நம் நினைவுக்கு எட்டிய வரை ஒரு பாட்டிலும் அந்தப் பெண் வாய் திறப்பதில்லை. அவள் கண், அவள் கூந்தல், அவள் தந்தையின் வேல் எல்லாம் பாட்டில் உண்டு. மதிலுக்குள் இருந்து அவள் என்ன நினைத்தாள் என்பது இல்லை.

அவசரப்படவேண்டாம். சங்ககாலத்து எயிலும் ஸ்ரீவைகுண்டத்துக் கோட்டையும் ஒன்றே, இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி என்று பறையறைய ஆட்கள் இருக்கிறார்கள். நாம் அந்தக் கூட்டத்தில் இல்லை. இடையில் எத்தனையோ அரசுகள், எத்தனையோ சாதிகள், நிலத்தின் உரிமையில் எத்தனையோ மாற்றங்கள். ஆனால் மதில், மகள், மறுப்பு என்ற மூன்றும் ஒரு பாட்டுக்குள் ஏன் சேர்ந்து நிற்கின்றன என்று வகுப்பில் விளக்க வேண்டிய ஆசிரியனுக்கு, மதிலுக்குள் வாழ்ந்த மனிதர்களின் சான்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அகராதி மட்டும் போதும் என்று உட்கார்ந்திருக்க உரிமை கிடையாது. நாம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.

இதையெல்லாம் நண்பர்கள் சிலரிடம் சொன்னோம். முற்போக்கு நண்பர் ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "சாதிச் சுவர்தானே, கரைந்து போகட்டும்." உத்தபுரத்துச் சுவரைக் காக்கவும் கட்டுரை எழுதுவீர்களோ என்று கேலி வேறு.

கேலிக்குள் இருக்கும் கேள்வி கடுமையானது. நேராகவே பதில் சொல்கிறோம். மதுரை மாவட்டம் உத்தபுரத்தின் சுவர் உயிரோடிருந்த தலித் மக்களின் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. 2008 மே 6ஆம் நாள் அதன் ஒரு பகுதி உடைக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். முழுவதும் உடைத்திருக்கவேண்டும் என்றே இன்றும் சொல்வோம். வழியை மறிக்கும் சுவரை ஆவணப்படுத்திக்கொண்டு நிற்பது அறமன்று. ஸ்ரீவைகுண்டத்தில் காவல் கலைந்து, காத்தவர்களே கலைந்து போய்விட்டார்கள். எஞ்சிய மண் இன்று எவரையும் மறிக்கவில்லை. அது குற்றம் நடந்த இடம் என்று நண்பர் சொன்னால் மறுக்கமாட்டோம்; குற்றம் நடந்த இடத்தை அளக்காமல், வரையாமல் கழுவிவிடச் சொல்பவர் எந்தப் பக்கத்து வழக்கறிஞர் என்று மட்டும் கேட்போம். மண் முழுவதும் கரைந்தபின் மிஞ்சப்போவது பாண்டியர் காலத்துப் பெருமைக் கதைகள் மட்டுமே. வாயில் எங்கே இருந்தது, கிணறு யாருக்கு, உள்ளே வேலை செய்தவர் எதுவரை வரலாம், பெண் எங்கே நிற்கலாம் என்பவை எல்லாம் தரையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மண்ணைக் குழைத்து மதிலை எழுப்பிய கைகள் அதற்குள் குடியிருந்தோரின் கைகளாக இருந்திருக்குமா என்பதையும் யோசிக்கலாம்.

இன்னொரு நண்பர் இதற்கு நேரெதிர். "பெண்மையை இப்படியல்லவா போற்றினார்கள்" என்று கண்கலங்கினார். இவரோடு வாதாட நமக்குப் பொறுமை குறைவு. வள்ளுவர் அரணுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, உயரமும் அகலமும் திண்மையும் நெருங்கற்கு அருமையும் வேண்டும் என்றவர். அவரே வாழ்க்கைத் துணைநலத்தில், பெண்ணை அடைத்துவைத்துக் காக்கும் காவலால் ஆவதென்ன என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். 57ஆம் குறளை நண்பர் மறுபடி ஒருமுறை படிக்கட்டும். வள்ளுவரும் அங்கே பேசுவது பெண்ணின் நிறை பற்றித்தான், அவள் விடுதலை பற்றி அன்று என்பது நமக்குத் தெரியும். இருந்தாலும் இந்த நண்பருக்கு அந்த அளவே அதிகம்.

பத்திரிகைகளுக்கும் ஒரு சொல். இந்தக் கோட்டையைப் பற்றி எப்போதாவது எழுதினால் 'மர்மக் கோட்டை', 'ஆண்கள் நுழையாத ஊர்' என்ற தலைப்புகளோடு எழுதுகிறார்கள். கேட்டால் மயிர்க்கூச்செறியும் செவிவழிக் கதைகளை அடுக்குகிறார்கள். அந்தப் பெண்களை மூன்றாம் முறை மதிலுக்குள் வைப்பது இது.

தரமணியிலிருந்து திரும்பும்போதெல்லாம் பழைய மகாபலிபுரம் சாலை வரை நடந்து வருவது வழக்கம். இருபுறமும் மதில்கள், மேலே கம்பிச்சுருள், வாயில்தோறும் காவற்கூண்டு. உள்ளே போகிறவன் பெயர், தொலைபேசி எண், யாரைக் காண வந்தான், எத்தனை மணிக்கு வந்தான் என்று பேரேட்டில் எழுதியாக வேண்டும். நிறுவன வளாகங்களை விட்டுவிடுவோம். அடுக்ககக் குடியிருப்புகளிலும் இதே கதை. வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு வேறு மின்தூக்கி வைத்த வளாகம் ஒன்றில் நம் உறவினர் குடியிருக்கிறார். மண்கோட்டையைச் சாதிச் சுவர் என்று ஒரு வரியில் முடித்த நண்பரும் அப்படி ஒரு வளாகத்தில்தான் இருக்கிறார். சென்றமுறை அவர் வீட்டுக்குப் போனபோது வாயிலில் பதினைந்து நிமிடம் நிற்கவைத்தார்கள். அவர்மேல் குறை இல்லை. நமக்கும் அங்கே வீடு வாங்கப் பணமிருந்தால் வாங்கியிருப்போம். மதில் கட்டிக்கொள்ளும் ஆசை பழையவர்களோடு மாண்டுபோனதைப் போலப் பேசவேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

காலம் அதிகம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தார்கள். தொலைக்காட்சியில் நாள் முழுவதும் ஸ்ரீவைகுண்டம், ஸ்ரீவைகுண்டம் என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். மனிதர்கள் தவிக்கும்போது மண்சுவரை நினைப்பவன் கல்நெஞ்சன்தான். ஆனால் வெள்ளம் வடிந்து, சேதக் கணக்கெடுத்து, வீட்டுக்கும் பயிருக்கும் கால்நடைக்கும் பட்டியல் போட்ட பிறகாவது, பல தலைமுறை நின்ற மண்ணில் எவ்வளவு மிஞ்சியது என்று போய்ப் பார்க்கத் தமிழ்நாட்டின் எந்தத் தமிழ்த்துறையிலிருந்தாவது ஓர் ஆசிரியர் கிளம்பினாரா? நாம் கிளம்பவில்லை. நமக்கு அப்போது அது இருப்பதே தெரியாது.

மதிலைத் திரும்பக் கட்டவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சி அனுபவம் போதும். அங்கே உள்ள வீடுகள் தனியாருடையவை. அவற்றைப் பறித்து அருங்காட்சியகம் ஆக்கவும் சொல்லவில்லை. தொல்லியல் துறை எஞ்சியிருக்கும் மதில் அடித்தளத்தை அளந்து ஒரு வரைபடம் வெளியிடட்டும். அதற்கு ஒரு பருவமழைக்கு முந்தைய மூன்று மாதம் போதும். கமலா கணேஷின் நூல் தமிழில் வரட்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கவேண்டியது. புறத்திணை நடத்தும் வகுப்புகளில் அது துணைநூலாகட்டும். இவற்றை விட அவசரமான வேலை ஒன்று உண்டு. கோட்டைக்குள் பிறந்து வளர்ந்த பெண்களில் இன்றும் இருப்பவர்கள் எழுபதைக் கடந்திருப்பார்கள். அவர்கள் பேசினால் பதிவு செய்யவேண்டும். பேச விருப்பமில்லை என்றால் அந்த விருப்பத்தையும் மதிக்கவேண்டும். மகட்பாற் காஞ்சிப் பெண்ணிடம் எவரும் கேட்கவில்லை. இவர்களிடமாவது கேட்டுவிடலாம்.

கேட்கவேண்டியவர் நாம் அல்லர் என்பதும் புரிகிறது. பின்வரிசை மாணவியிடம் முதுகலை ஆய்வேட்டுக்கு இதையே எடுத்துக்கொள்கிறாயா என்றோம். "ஐயா, துறையில் ஒப்புக்கொள்வார்களா? இதில் இலக்கியம் எங்கே என்று கேட்பார்களே?" என்றாள். கேட்கத்தான் செய்தார்கள். இரண்டு கூட்டம் நடந்தது. கடைசியில் தலைப்பில் 'புறநானூறு' என்ற சொல்லைச் சேர்த்தபின் கையொப்பம் கிடைத்தது. பொங்கல் விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போகிறாள். அளவுநாடா ஒன்றும் நம்முடைய பழைய ஒலிப்பதிவுக் கருவியும் கொடுத்திருக்கிறோம். முதலில் தன் பாட்டியிடம் பேசப்போவதாகச் சொன்னாள். பாட்டி கோட்டைக்கு வெளியே வாழ்ந்தவர். சிறுமியாக இருந்தபோது வாயில் வரை மோர் கொண்டு போவாராம்.